நெருஞ்சில்: பேர் ஒண்ணு, செடி மூணு



போன வருஷம் தை மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் கூட்டமைப்பைச் சேர்ந்த மூன்று குழுக்கள் ஒன்றாகக் கூடி நெருஞ்சில் முள் சேகரித்தார்கள். கூலி வேலை குறைந்திருந்த நேரம். தேரிக்காட்டு ஓரத்திலும் தரிசிலும் சும்மா கிடக்கிற செடி. முதல் போட வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், குனிந்து எடுத்தால் காசு என்று எல்லோருக்கும் சந்தோஷம். 11 சாக்கு சேர்ந்தது. லோடு ஆட்டோ பிடித்து ஒரு மூலிகை வியாபாரியிடம் கொண்டு போனோம்.

அவர் ஒரு சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். கையால் பரப்பிப் பார்த்தார். "என்னம்மா, நான் கேட்டது சின்ன நெருஞ்சில். நீங்க பெருசையும் கலந்துல்லா கொண்டாந்திருக்கீங்க. மண்ணு வேற கிடக்கு. இதை நான் யாருக்கு அனுப்ப?" என்றார். 4 சாக்கை மட்டும் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார். மீதி 7 சாக்கும் அதே ஆட்டோவில் திரும்பி வந்தன. வாடகை போகக் கையில் நின்ற பணத்தைப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒரு நாள் கூலிகூடத் தேறவில்லை.

யார் மேல் தப்பு? அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பற்றித்தான் பேச்சு. ஒரு ஊர் உறுப்பினர்கள், "எங்க ஊர்ல நெருஞ்சின்னா இதுதான்" என்று கொழுத்த இலையும் பெரிய காயுமாக ஒரு செடியைக் காட்டினார்கள். அடுத்த ஊர்க்காரர்கள், "அது யானை நெருஞ்சில்லா? நெருஞ்சின்னா தரையோட தரையா படர்ந்து கிடக்கும், அதுதான்" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். பேர் ஒன்று, செடி வேறு. "எந்த நெருஞ்சில்?" என்ற ஒரு கேள்வியை வியாபாரியிடம் நாம் கேட்கவில்லை. நமக்குள்ளும் கேட்டுக்கொள்ளவில்லை. நஷ்டம் அங்கேதான் வந்தது.

இன்னொரு சம்பவமும் அதே கூட்டத்தில் வெளியே வந்தது. நம் உறுப்பினர் ஒருவருக்கு நீர்க்கடுப்பு. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, "நெருஞ்சில் கஷாயம் குடி, சரியாகிவிடும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, செடியைப் பிடுங்கி வேகவைத்துக் குடித்திருக்கிறார். எட்டு நாள் ஆகியும் கடுப்பு தீரவில்லை. குளிர் காய்ச்சல் வந்து, இடுப்பு வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார்கள். ஊசி மருந்து போட்டுச் சரியானது. பிறகு அவர் பிடுங்கின இடத்தில் போய்ப் பார்த்தால், அங்கே நின்றது சிறுநெருஞ்சிலும் இல்லை, யானை நெருஞ்சிலும் இல்லை. மூன்றாவதாக ஒரு செடி!

ஆகவே இந்த இதழில் நெருஞ்சில்களைப் பிரித்து அறிவது எப்படி என்று எழுதுகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சித்த மருத்துவரையும், செடி கொடி தெரிந்த ஒரு பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் காலை முழுக்கத் தேரி ஓரம் நடந்து பார்த்துக் கற்றுக்கொண்டது இது.

மூன்று செடிகள் எவை?

1. சிறுநெருஞ்சில். சின்ன நெருஞ்சில் என்றும், வெறுமனே நெருஞ்சி என்றும் சொல்கிறோம். விஞ்ஞானப் பெயர் டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். வடநாட்டு வியாபாரிகள் சோட்டா கோக்ரு என்பார்கள்.

2. பெருநெருஞ்சில். யானை நெருஞ்சில் என்பதும் இதுதான். விஞ்ஞானப் பெயர் பெடாலியம் மியூரெக்ஸ். வடநாட்டில் படா கோக்ரு.

3. செப்பு நெருஞ்சில். விஞ்ஞானப் பெயர் இண்டிகோஃபெரா லின்னேயி. அவுரி இனத்தைச் சேர்ந்த செடி.

விஞ்ஞானப் பெயர் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஊருக்கு ஊர் பேர் மாறும், இந்தப் பெயர் மாறாது. ஆர்டர் எடுக்கும்போது சீட்டில் இதை எழுதி வாங்கிவிட்டால் பிறகு தகராறு வராது.

மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. சிறுநெருஞ்சில் ஒரு குடும்பம். யானை நெருஞ்சில் நம்ம எள்ளுச் செடியின் குடும்பம். செப்பு நெருஞ்சில் உளுந்து, பாசிப்பயறு இருக்கிற அவரைக் குடும்பம். மூன்றுமே வறண்ட மணல் நிலத்தில் வரும் என்பதும், மூன்றுக்கும் நாம் நெருஞ்சில் என்று பேர் வைத்திருப்பதும்தான் ஒற்றுமை.

முதலில் நிற்கிற நிலையைப் பாருங்கள்

செடிக்கு முன்னால் நின்று, படர்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறுநெருஞ்சில் நடுவில் ஒரே ஆணிவேர் விட்டு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நாலா பக்கமும் தரையோடு தரையாகக் கொடி ஓடும். செப்பு நெருஞ்சிலும் அதே மாதிரி தரையில் படரும். குழப்பம் வருவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

யானை நெருஞ்சில் அப்படி இல்லை. தண்டு சதைப்பற்றாக, முழங்கால் உயரத்துக்குக் கிளைத்து நிற்கும். வெளிக்கிளைகள் சாய்ந்தாலும் செடி தரையோடு ஒட்டாது.

இலையைப் பாருங்கள்

யானை நெருஞ்சிலுக்குத் தனி இலை. கொழுத்து, ஓரம் வெட்டு வெட்டாக இருக்கும். மற்ற இரண்டுக்கும் ஒரு காம்பில் பல சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். அந்த இரண்டையும் பிரிக்க அந்தப் பெரியம்மா ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். "புளிய இலையும் கருவேப்பிலையும் வித்தியாசம் தெரியும்லா? அவ்வளவுதான்" என்றார்கள்.

சிறுநெருஞ்சில் இலை புளிய இலை மாதிரி. சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும். பெரும்பாலும் 4 முதல் 7 ஜோடி. நுனியும் ஜோடியாகவே முடியும். எண்ணிப் பார்த்தால் இரட்டைப்படை வரும்.

செப்பு நெருஞ்சில் இலை கருவேப்பிலைக் கொத்து மாதிரி. சிற்றிலைகள் மாற்றி மாற்றி இருக்கும். நுனியில் ஒற்றையாக ஒரு இலை நிற்கும். எண்ணினால் 7, 9 என்று ஒற்றைப்படையாக வரும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. சிறுநெருஞ்சில் கொடியில் ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிரே இரண்டு இலை வரும். ஆனால் இரண்டும் சமமாக இருக்காது. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அக்காவும் தங்கையும் மாதிரி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். செப்பு நெருஞ்சிலில் ஒரு கணுவுக்கு ஒரு இலைதான்.

பூவைப் பாருங்கள்

பூத்த பிறகு குழப்பமே இல்லை.

சிறுநெருஞ்சில் பூ பளிச்சென்ற மஞ்சள். ஐந்து இதழ், நம் சுண்டுவிரல் நகத்தளவு. காலையில் விரிந்து சூரியனைப் பார்த்து நிற்கும். இது நம் முன்னோர்கள் என்றைக்கோ கவனித்த விஷயம். நெருஞ்சிப் பூ சூரியனை எதிர்கொண்டு நிற்பதும், பார்க்க அழகாக இருந்த பூ பிறகு முள்ளைத் தருவதும் சங்கப் பாட்டுகளிலேயே வருகின்றன.

யானை நெருஞ்சில் பூவும் மஞ்சள்தான். ஆனால் இதழ் இதழாக விரியாமல், எள்ளுப் பூ மாதிரி குழலாக, சுமார் ஒரு அங்குல நீளம் இருக்கும். எள்ளு விதைக்கிற சகோதரிகளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

செப்பு நெருஞ்சில் பூ சிவப்பு. இலைக் கக்கத்தில் பொடிப்பொடியாகக் கொத்தாக இருக்கும். செம்பு நிறம் என்பதால்தான் செப்பு நெருஞ்சில்.

காயைப் பாருங்கள்

விற்பனைக்குப் போவது பெரும்பாலும் காய்தான். ஆகவே இதை நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

சிறுநெருஞ்சில் காய் வட்டமாக, சுண்டைக்காயை விடச் சின்னதாக இருக்கும். காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டும் சின்னக் கோடாரித் தலை மாதிரி இருக்கும். அதில் இரண்டு நீள முள், இரண்டு குட்டை முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். அதனால்தான் காலில் தப்பாமல் ஏறுகிறது!

யானை நெருஞ்சில் காய் பெரியது. முக்கால் அங்குலம் வரை வரும். நாலு பட்டையாக, நுனி குறுகிய கூம்பு மாதிரி இருக்கும். அகன்ற பக்கத்தில் நாலு மூலையிலும் நாலு முள். காய்ந்தாலும் துண்டு துண்டாகப் பிரியாது, முழுசாகவே கிடக்கும்.

செப்பு நெருஞ்சிலுக்கு முள்ளே கிடையாது. அரிசி அளவில் சின்ன நெற்றுதான். பேரில் நெருஞ்சில் இருக்கிறது, காலில் குத்தாது.

தண்ணீர்ச் சோதனை

யானை நெருஞ்சிலைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி. பச்சைச் செடியில் ஒரு கொத்து ஒடித்து ஒரு சொம்புத் தண்ணீரில் விட்டுச் சுழற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். கையை விட்டுத் தூக்கினால் நூலாக இழுக்கும். சில மணி நேரம் கழித்துத் தானாகவே நீர்த்துவிடும். மோரைக் கெட்டியாகக் காட்ட இந்தச் செடியைப் போட்டு விற்ற வியாபாரிகளும் ஒரு காலத்தில் உண்டு. சிறுநெருஞ்சிலும் செப்பு நெருஞ்சிலும் இப்படிக் கொழகொழப்பு தராது. நடந்து போன அன்றைக்கு நாங்கள் மூன்று சொம்பு வைத்துச் செய்து பார்த்தோம். பிள்ளைகள்கூடச் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

சாக்கில் கலந்துவிடும் வேறு முட்கள்

முள் இருந்தாலே நெருஞ்சில் என்று எடுத்துவிடக் கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு களை இப்போது நம் தரிசுகளில் பரவியிருக்கிறது. கிளை கவட்டை கவட்டையாகப் பிரியும், இலை ரோமமாக இருக்கும். காய் நட்சத்திரம் மாதிரி சேர்ந்திருக்கும். ஒவ்வொரு காய்க்கும் இரண்டு கொம்பு, உடம்பெல்லாம் கொக்கி. சேலைக் கரையில் ஒட்டிக்கொண்டு வருவது இதுதான். இது நெருஞ்சில் இல்லை.

குளத்தங்கரையில் நிற்கும் மருளூமத்தையின் காயும் முள்ளாக இருக்கும். அது முட்டை வடிவம், சுற்றிலும் கொக்கி. அதன் விதையும் இளஞ்செடியும் விஷம். ஆடு மாடு தின்றாலே ஆபத்து. சாக்கில் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது.

எதற்காக வாங்குகிறார்கள்?

சிறுநெருஞ்சில் சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் பெயர் பெற்றது. நீர் பிரிய, நீர்க்கடுப்புக்கு, கல்லடைப்புக்கு என்று கொடுக்கிறார்கள். தசமூலம் என்ற பத்து வேர்களில் இதன் வேரும் ஒன்று. யானை நெருஞ்சிலையும் நீர்க்கோளாறுகளுக்குக் கொடுப்பார்கள். ஆனால் மருந்துச் சேர்க்கையில் எதைக் கேட்டிருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும். ஒன்றுக்கு இன்னொன்று கலந்து வந்தால் வாங்குகிறவர் தள்ளிவிடுவது அதனால்தான்.

வெளிநாட்டில் உடற்பயிற்சி செய்கிற ஆண்கள் சிறுநெருஞ்சில் மாத்திரையைப் பலம் கூடும் என்று வாங்குகிறார்கள். சதை கூடுகிறது என்று ஆராய்ச்சிகளில் நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் சந்தை இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நாம் சாக்குப் பிடித்துச் சேகரிக்கிற இதே செடி அமெரிக்காவில் பெரிய களை. அங்கே வறண்ட மணல் பகுதிகளில் பரவி சைக்கிள் டயரை எல்லாம் பஞ்சராக்குகிறது. ஒழிக்க முடியாமல், 1961ஆம் ஆண்டு இதன் விதையையும் தண்டையும் தின்னும் இரண்டு வகைக் கூன்வண்டுகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள்.

ஆடு வளர்க்கும் சகோதரிகள் கவனத்துக்கு

குழுக் கடனில் ஆடு வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். தென் ஆப்பிரிக்காவின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில், வாடிய சிறுநெருஞ்சிலை அதிகமாக மேய்ந்த செம்மறிகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டால் முகமும் காதும் வீங்கித் தோல் உரிகிற நோய் வருகிறது. ஆஸ்திரேலியாவில் செப்பு நெருஞ்சிலை வாரக்கணக்கில் மேய்ந்த குதிரைகளுக்கு நடை தள்ளாடும் நோய் வந்திருக்கிறது. ஒரு வாய் கடித்ததற்குப் பயப்பட வேண்டாம். நெருஞ்சில் மட்டுமே நிறைந்த இடத்தில் நாள்தோறும் கட்டி மேய்க்காதீர்கள். முகம் வீங்கின ஆட்டை நிழலில் கட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சேகரிக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

1. ஆர்டர் வாங்கும்போதே எந்த நெருஞ்சில், காயா வேரா முழுச் செடியா என்று எழுதி வாங்குங்கள். மாதிரிக்கு ஒரு கைப்பிடி காட்டிச் சம்மதம் பெற்ற பிறகு வேலையைத் தொடங்குங்கள். விலை வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆகவே இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

2. பூவும் காயும் சேர்ந்திருக்கிற செடியாகப் பார்த்து எடுங்கள். இலை, பூ, காய் மூன்றும் ஒத்து வந்தால்தான் அறுக்க வேண்டும். ஒன்று ஒத்து வராவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

3. காய் முற்றிப் பழுப்பாகும்போது செடியை அறுத்துத் தார்ப்பாயில் காயவைத்து, கம்பால் தட்டுங்கள். தரையில் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினால் மண்தான் அதிகம் வரும். சல்லடையில் மண் போக்கிச் சுளகில் புடையுங்கள்.

4. நன்றாகக் காயாமல் சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு சாக்கில் ஒரே சரக்கு. சாக்கின் மேல் செடியின் பேர், குழுவின் பேர், தேதி எழுதுங்கள்.

5. களைக்கொல்லி அடித்த இடம், சாக்கடை ஓரம், பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்த வரப்பு ஆகிய இடங்களில் எடுக்க வேண்டாம். பட்டா நிலம் என்றால் சொந்தக்காரரிடம் கேளுங்கள். வனத்துறை நிலம் என்றால் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

6. எல்லாவற்றையும் வழித்து எடுக்காதீர்கள். அடுத்த வருஷ மழைக்கு முளைக்க விதை வேண்டும். ஒரு பகுதியை விட்டு வையுங்கள்.

7. கெட்டிச் செருப்பு போடுங்கள். காயவைக்கும் களத்தில் பிள்ளைகளை விடாதீர்கள்.

மருந்தாகக் குடிப்பதைப் பற்றி

இதை அழுத்திச் சொல்கிறோம். நீர்க்கடுப்பு பெண்களுக்குச் சாதாரணமாக வருகிற ஒன்று. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும், சிறுநீரை அடக்கக் கூடாது. வயல் வேலைக்குப் போகிற நமக்கு மறைவிடம் இல்லாததால் காலையில் போனால் சாயங்காலம் வரை அடக்கி வைக்கிறோம். நோய் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்பு வலி, சிறுநீரில் இரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கஷாயம் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் நெருஞ்சில் குடிக்கவே கூடாது. மற்றவர்களும் சித்த மருத்துவரிடம் செடியைக் காட்டி, அளவு கேட்டு, பிறகு குடியுங்கள்.

நம் சகோதரிக்கு நடந்ததில் செப்பு நெருஞ்சில் விஷமாகி அவரைப் படுக்க வைத்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கும் வைத்தியத்தில் தனி உபயோகம் இருக்கிறது. அவர் நினைத்தது ஒரு செடி, குடித்தது வேறு செடி. அதை நம்பி எட்டு நாள் வீணானதுதான் வினை.

திரும்பி வந்த 7 சாக்கு என்ன ஆயிற்று?

கேட்பீர்கள் என்று தெரியும். மூன்று குழுக்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கொட்டிப் பிரித்தார்கள். சின்னது ஒரு குவியல், பெரியது ஒரு குவியல், மண்ணும் குப்பையும் ஒரு குவியல். மண் குவியலைப் பார்த்து ஒரு மதினி, "இதையா லோடு ஆட்டோல ஏத்திட்டுப் போனோம்!" என்று சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம். பிரித்த சரக்கைச் சின்னது தனியாக, பெரியது தனியாக விற்றதில் முதலில் பட்ட நஷ்டம் ஈடாகிவிட்டது. பெரிதாக லாபம் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த மூன்று குழுவில் யாரிடமும் நெருஞ்சில் என்று சொன்னால் அடுத்த வார்த்தை "எது?" என்றுதான் வருகிறது.

மதுரைப் பக்கம் மூலிகை சேகரிக்கிற பெண்களின் குழுக்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து 'கிராம மூலிகை' என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். செடியைச் சரியாக அறிவதும், சுத்தமாகக் காயவைத்துத் தரம் பிரிப்பதும் கைவந்தால் நாமும் ஒரு நாள் வியாபாரியின் வாசலில் நிற்காமல் சேர்ந்து விற்கலாம். அதற்கு முதல் படி இதுதான்.

இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் ஆளுக்கு ஒரு நெருஞ்சில் செடியை வேரோடு கொண்டு வாருங்கள். நடுவில் பரப்புங்கள். இலையை எண்ணுங்கள், பூவைப் பாருங்கள், காயை உடைத்துப் பாருங்கள், சொம்பில் போட்டுச் சுழற்றுங்கள். பிறகு ஒவ்வொரு வகையிலும் ஒரு கிளையைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கல் வைத்துக் காயவைத்து, அட்டையில் ஒட்டிப் பேர் எழுதிக் குழுப் பெட்டியில் வையுங்கள். அடுத்த தடவை சந்தேகம் வந்தால் அந்த அட்டையை எடுத்துப் பார்த்தால் போதும்.

உங்கள் ஊரில் இந்த மூன்றுக்கும் வேறு பேர் வழங்கினால் அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். பேர்களை எல்லாம் தொகுத்து அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
கூட்டமைப்பு ஆசிரியர் குழு